172ஆவது நாள்

வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் எல்லோரையும் விட நன்றாக அடித்த ஓர் இளைஞரை, பருவம் தொடங்கும் தறுவாயில் அமெரிக்க பேஸ்பால் அணிகள் மைனர் லீக் எனப்படும் கீழ்நிலைப் போட்டிகளுக்கே திருப்பி அனுப்புவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்கு இன்னும் பக்குவம் வரவில்லை என்று அணி சொல்வது உண்மையா, அல்லது உள்ளே வேறு கணக்கு ஓடுகிறதா என்பதும் உங்கள் கேள்வி.

இரண்டும் உண்டு. பக்குவம் போதாமல் திரும்புகிறவர்களே அதிகம். ஆனால் ஓர் அணியின் இளைஞர்களிலேயே தலைசிறந்தவர், ஏப்ரல் மாதத்தின் முதல் இரண்டு வாரங்கள் மட்டும் கீழே வைக்கப்பட்டு, மூன்றாவது வாரத்தில் மேலே அழைக்கப்பட்டால், பக்குவம் பற்றிய பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு நாள்காட்டியைக் கையில் எடுங்கள். அதில் நீங்கள் தேட வேண்டிய எண் 172.

அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக்கின் பருவம் இப்போது ஏறக்குறைய 187 நாட்கள். ஆட்டம் இல்லாத நாட்களும் இதில் சேரும். ஒரு வீரர் மேஜர் லீக் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவருடைய சேவைக் கணக்கில் ஏறும். ஒரு பருவத்தில் 172 நாட்கள் சேர்ந்தால் அது முழு ஓராண்டு. அப்படி ஆறு ஆண்டுகள் சேர்ந்தால்தான் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார்; விரும்பிய அணியோடு பேசித் தன் விலையைத் தானே கேட்கும் உரிமை அப்போதுதான் வருகிறது. அதுவரை அவர் அணிக்குக் கட்டுப்பட்டவர். முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டியே சம்பளம். 2025இல் அந்தக் குறைந்தபட்சம் 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளில் அணியோடு உடன்பாடு வராவிட்டால் ஊதிய நடுவர் முன் வாதாடலாம். சம்பளம் ஏறும்; ஆனாலும் திறந்த சந்தையின் விலை கிடைக்காது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். பருவத்தின் முதல் 16 நாட்கள் ஒருவரைக் கீழே நிறுத்தி வைத்தால் அவருக்குக் கிடைப்பது 171 நாட்கள். ஆறு பருவங்கள் விளையாடி முடித்த பிறகும் ஏட்டில் இருப்பது ஐந்து ஆண்டும் 171 நாளும். ஆகவே ஏழாவது பருவமும் பழைய அணிக்கே. அணி விட்டுக்கொடுப்பது, இருபத்திரண்டு வயதில் இன்னும் தடுமாறும் ஒருவரின் இரண்டு வாரங்களை. அதற்கு ஈடாக அதன் கைக்கு வருவது, அதே மனிதர் இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதில் முழு வலிமையோடு ஆடும் ஒரு முழுப் பருவம். எந்த நிதி மேலாளரும் இந்தப் பேரத்தை வேண்டாம் என்று சொல்லமாட்டார். அதனால்தான் இது தனிமனிதர்களின் பேராசையைப் பற்றிய கதையாக எனக்குப் படவில்லை. விதியை எழுதியவர்களே வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். ரஞ்சி அணி மாநிலச் சங்கத்துக்குச் சொந்தம்; இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரு வீரரை இரண்டு வாரம் தாமதப்படுத்துவதில் காசு லாபம் எதுவும் இல்லை. பேஸ்பாலில் மைனர் லீக் வீரர் மேலே உள்ள தாய் அணியின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறார். 30 மேஜர் லீக் அணிகளுக்கும் ஆளுக்கு நான்கு என்று 120 கிளை அணிகள். வீரரை வளர்ப்பவரும், தேர்ந்தெடுப்பவரும், அவருக்குச் சம்பளம் தருபவரும் ஒரே முதலாளி. நெருடல் முழுவதும் அங்கிருந்துதான் வருகிறது.

இந்தக் கதையின் முகமாகிப்போனவர் கிரிஸ் பிரையன்ட். புதிய இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2013இல் இரண்டாவது ஆளாக அவரைச் சிகாகோ கப்ஸ் எடுத்தது. முன்பணமே 67 லட்சம் டாலர். 2014இல் மைனர் லீக்கின் மேல் இரண்டு படிகளில் அவர் அடித்த ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றவை) 43. 2015 மார்ச்சில் பயிற்சி ஆட்டங்களில் 14 முறை களமிறங்கி ஒன்பது ஹோம் ரன்கள், சராசரி .425; அதாவது பத்து முயற்சிகளில் நான்குக்கு மேல் வெற்றி. பேஸ்பாலில் .300 அடிப்பவரே சிறந்த பேட்ஸ்மேன். அந்த மாதம் முழுவதும் அமெரிக்காவில் அவருக்கு இணையாக யாரும் அடிக்கவில்லை. ஆனாலும் மூன்றாம் பேஸில் ஃபீல்டிங் இன்னும் தேற வேண்டும் என்று சொல்லி அவரை அயோவாவில் உள்ள, மைனர் லீக்கின் உச்சப் படியான டிரிபிள் ஏ அணிக்கு அனுப்பினார்கள்.

அந்த ஆண்டுப் பருவம் 183 நாட்கள். ஆகவே 12 நாட்கள் தாமதித்தால் போதும். ஏப்ரல் 5ஆம் தேதி பருவம் தொடங்கியது. ஏப்ரல் 17ஆம் தேதி பிரையன்ட் ரிக்லி மைதானத்தில் களமிறங்கினார். அன்று நான்கு முறை மட்டை பிடித்து மூன்று முறை ஸ்ட்ரைக் அவுட். அது பெரிதல்ல. பருவம் முடிந்தபோது அவருடைய கணக்கில் இருந்தவை 171 நாட்கள். முழு ஓராண்டுக்கு ஒரே ஒரு நாள் குறைவு. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டு லீக்கின் மிக மதிப்புவாய்ந்த வீரர் விருது. 2016 உலகத் தொடரில் கப்ஸ் 108 ஆண்டுக் காத்திருப்பை முடித்தபோது, கடைசிப் பந்தைப் பிடித்து முதல் பேஸுக்கு எறிந்தவரும் அவர்தான். தேற வேண்டும் என்று சொல்லப்பட்ட அதே மூன்றாம் பேஸில் நின்றுகொண்டு.

வீரர்கள் சங்கம் 2015இலேயே முறையீடு செய்தது. தீர்ப்பு வந்தது 2020 ஜனவரியில். முறையீட்டை விசாரித்த நடுவர் மார்க் இர்விங்ஸ் கப்ஸின் பக்கம் தீர்ப்பளித்தார். மூன்றாம் பேஸில் ஆடிய மைக் ஓல்ட் காயமடைந்ததால்தான் பிரையன்டை அந்த வாரம் அழைத்தோம் என்று அணி விளக்கம் வைத்திருந்தது. ஓல்ட் காயமடைந்தது உண்மை. ஃபீல்டிங்கில் இன்னும் வேலை இருக்கிறது என்ற காரணத்தைப் பொய் என்று நிரூபிக்க எவரால் முடியும்? எந்த இருபத்து மூன்று வயதுக்காரரின் ஃபீல்டிங்கிலும் வேலை இருக்கத்தான் செய்யும். அணியின் மனத்துக்குள் புகுந்து நோக்கத்தைப் படித்துக் காட்டுமாறு சங்கத்திடம் கேட்கிற விதியில் சங்கம் ஜெயிக்க வழியே இல்லை. சட்டப்படி தீர்ப்பு பிழையாக இருக்காது. ஆனால் நியாயம் அங்கே கிடைத்தது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதன் பின்கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழு ஓராண்டு கிடைத்திருந்தால் பிரையன்ட் 2020 பருவத்தின் முடிவில் சந்தைக்கு வந்திருப்பார். அது பெருந்தொற்றுக் காலம். அணிகள் கையை இறுக்கிக்கொண்டிருந்தன. அவரும் 34 ஆட்டங்களில் .206 மட்டுமே அடித்திருந்தார். ஓராண்டு கழித்து, 25 ஹோம் ரன்கள் அடித்துவிட்டு வந்ததால் கொலராடோ ராக்கீஸ் அவருக்கு ஏழு ஆண்டுகளுக்கு 18.2 கோடி டாலர் கொடுத்தது. ஆகவே தாமதம் அவருக்கு நன்மையாகத்தான் முடிந்தது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். விளைவு அப்படி அமைந்தது உண்மை. ஆனால் 2015இல் கணக்குப் போட்டவர்கள் யாரும் பெருந்தொற்றை நினைத்துப் போடவில்லை. கப்ஸுக்கு அந்த ஏழாவது ஆண்டு என்னவாகப் பயன்பட்டது என்றும் பாருங்கள். 2021 ஜூலையில், பாதிப் பருவத்தில், அவரைச் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்துவிட்டு இரண்டு மைனர் லீக் இளைஞர்களை வாங்கிக்கொண்டார்கள்.

மைனர் லீக் ஏமாற்று வேலை என்று இதை வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது. அது உண்மையான பள்ளி. நாற்றங்காலில் நாள் போதாத நாற்றைப் பிடுங்கி நட்டால் வேர் பிடிக்காது என்று நம் விவசாயிகளுக்குத் தெரியும். ராய் ஹாலடேயைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டு டொரொன்டோவுக்காகப் பந்து வீசி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் பத்துக்கு மேற்பட்ட ரன்களைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவரை ஒரு படி இரு படியல்ல, கீழே சிங்கிள் ஏ வரை இறக்கினார்கள். பயிற்சியாளர் மெல் குவீன் அவருடைய வீச்சு முறையையே கலைத்துப் புதிதாகக் கட்டினார். 2003இல் சிறந்த பந்து வீச்சாளருக்கான சை யங் விருது. பின்னர் பிலடெல்பியாவில் இன்னொன்று. 2019இல் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம். கீழே அனுப்பப்பட்டதுதான் அவரைக் காப்பாற்றியது. அண்மையில் ஜாக்சன் ஹாலிடே. 2022 டிராஃப்டின் முதல் ஆளான அவர் 2024 ஏப்ரலில் பால்டிமோருக்கு வந்து 34 முயற்சிகளில் இரண்டே முறை அடித்தார். இரண்டு வாரத்தில் திரும்பிப் போனார். ஜூலை 31 அன்று மறுபடி வந்த அன்றே, மூன்று பேஸ்களிலும் ஆள் நிற்க, தன் முதல் ஹோம் ரன்னை அடித்தார். அந்த மூன்று மாதங்கள் யாருடைய உரிமையையும் பறித்தவை அல்ல.

ஆனால் நாற்று முற்றினாலும் கெடும், தூர் கட்டாது. விளாடிமிர் கெரேரோ ஜூனியர் 2018இல் மைனர் லீக்கில் .381 அடித்தார். அங்கே அவருக்குச் சவால் விடும் பந்துவீச்சு இல்லை. செப்டம்பரில்கூட அவரை மேலே அழைக்கவில்லை. 2019 வசந்தத்தில் ஒரு தசைக் காயம் வந்தது உண்மைதான். அவர் ஏப்ரல் 26 அன்று அறிமுகமானார். பத்தொன்பது வயதில் ஒருவர் கற்றுக்கொள்ளும் வேகம் திரும்பி வராது. தன்னைவிட எளிய எதிராளிகளோடு ஆடிக்கொண்டே இருப்பவர் கெட்ட பழக்கங்களையும் கற்றுக்கொள்கிறார்.

இத்தனையையும் வெளியிலிருந்து பார்ப்பவர்களின் சந்தேகம் என்று தள்ளிவிடலாம் என்றால், 2021 பிப்ரவரி அதற்கு இடம் தரவில்லை. சியாட்டில் மரைனர்ஸ் அணியின் தலைவர் கெவின் மாதர், வாஷிங்டன் மாநிலத்தின் பெல்வியூவில் ஒரு ரோட்டரி சங்கக் கூட்டத்தில் காணொளி வழியாகப் பேசினார். 2020 பருவத்தில் இளைஞர்களை மேலே கொண்டுவராததற்குக் காரணம் அவர்களுடைய சேவைக் கணக்கு ஓடத் தொடங்கிவிடக் கூடாது என்பதே என்று அவரே சொன்னார். ஜாரெட் கெலனிக்குக்கு நீண்டகால ஒப்பந்தம் கொடுக்க முன்வந்ததையும், அவர் மறுத்ததையும், அவர் ஏப்ரலில் வரமாட்டார் என்பதையும் சேர்த்தே சொன்னார். காணொளி பரவிய மறுநாளே பதவி விலகினார். எந்த அணியும் வாய்விட்டுச் சொல்லாததை ஒருவர் சொல்லிவிட்டார். கெலனிக் மே 13 அன்று வந்து, ஒரு கட்டத்தில் 39 முயற்சிகள் தொடர்ந்து தோற்று, ஜூனில் சியாட்டிலின் டிரிபிள் ஏ அணி இருக்கும் டகோமாவுக்குத் திரும்பினார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவருக்கு உண்மையிலேயே பக்குவம் போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு அணி சொல்லும் எந்தக் காரணத்தையும் அவரால் நம்பியிருக்க முடியுமா? தன்னை வளர்க்கிறவர்கள் தன்னிடம் உண்மை பேசுகிறார்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் எந்த மாணவரும் கற்பதில்லை. பணத்தைவிட இந்த இழப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பணத்தின் அருமையை உணர, கீழே காத்திருப்பவர் எதை உண்டு எங்கே உறங்கினார் என்று பார்க்க வேண்டும். பிரையன்ட் போன்றவர்களுக்குப் பெரிய முன்பணம் உண்டு. பதினாறு வயதில் சிறு தொகைக்குக் கையெழுத்திட்டு டொமினிக்கன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வரும் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அது இல்லை. 2023 வரை டிரிபிள் ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 17,500 டாலர். டபுள் ஏயில் 13,800. வசந்தகாலப் பயிற்சிக்குச் சம்பளம் கிடையாது. ஒரே வீட்டில் ஐந்தாறு பேர் தரையில் மெத்தை போட்டுப் படுத்தார்கள். குளிர்காலத்தில் கிடைத்த வேலையைச் செய்தார்கள். 2022இல் மைனர் லீக் வீரர்களும் மேஜர் லீக் வீரர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். 2023இல் அவர்களுடைய முதல் கூட்டு ஒப்பந்தம் டிரிபிள் ஏ ஊதியத்தை 35,800 டாலராக உயர்த்தியது. உயர்ந்த பிறகும் பாருங்கள்: மேலே ஒரு நாள் சம்பளம் நாலாயிரம் டாலருக்கு மேல். அங்கே ஒன்பது நாட்களில் வருவது இங்கே ஓராண்டு உழைப்பு.

இந்த இடைவெளிதான் அணியின் கையில் இருக்கும் இன்னொரு நெம்புகோல். 2008 ஏப்ரலில் டாம்பா பே அணி ஈவன் லாங்கோரியாவை மேலே அழைத்த ஆறாவது நாளில் அவரோடு ஆறு ஆண்டுக்கு 1.75 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. சில ஆண்டுகளிலேயே அது அணிக்குக் கிடைத்த பெரிய லாபம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிகாகோ ஒயிட் சாக்ஸ் எலோய் ஹிமெனஸோடு 2019 மார்ச்சில், அவர் மேஜர் லீக்கில் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கும் முன்பே 4.3 கோடிக்கு ஒப்பந்தம் போட்டது. கையெழுத்து விழுந்ததும் அவர் ஃபீல்டிங் பற்றிய கவலை எதுவும் இல்லாமல் முதல் நாளே களத்தில் இருந்தார். இந்த ஒப்பந்தங்கள் தவறானவை அல்ல. வறுமையில் வளர்ந்தவருக்குக் கையில் வரும் உறுதியான பணம் பெரிய நிம்மதி. ஆனால் கையெழுத்திட்டவுடன் ஒருவர் பக்குவமடைந்துவிடுகிறார் என்றால், பக்குவம் என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள்?

ஏப்ரல் நடுவைத் தவிர ஜூன் தொடக்கத்திலும் ஒரு வரம்பு உண்டு. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே சேவை ஆண்டு உள்ளவர்களில் மேலே இருக்கும் 22 விழுக்காட்டினர் ஓராண்டு முன்னதாகவே ஊதிய நடுவரிடம் போகலாம். அதைத் தவிர்க்கச் சில அணிகள் ஜூன் வரை பொறுத்திருக்கும்.

2021 டிசம்பரிலிருந்து 99 நாட்கள் நீடித்த கதவடைப்புக்குப் பிறகு 2022 மார்ச்சில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் இந்த நோய்க்கு இரண்டு மருந்துகள் வைத்தது. சிறந்த புதுமுக வீரர் விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெறுபவர்களுக்கு, எப்போது அழைக்கப்பட்டிருந்தாலும், முழு ஓராண்டு சேவை. அடுத்தது அணிக்கான ஊக்கம். பெயர்பெற்ற மூன்று தரவரிசைகளில் இரண்டிலாவது முதல் நூறு பேருக்குள் உள்ள இளைஞரைத் தொடக்கத்திலேயே சேர்த்து, அவர் முழு ஓராண்டு சேவை பெற்று அந்த விருதையும் வென்றால், அணிக்கு டிராஃப்டின் முதல் சுற்று முடிந்தவுடன் கூடுதலாக ஒருவரை எடுக்கும் வாய்ப்பு. மாதர் தலைமை தாங்கிய அதே சியாட்டில், 2022இல் ஹூலியோ ரோட்ரிகஸை முதல் நாளே களமிறக்கியது. அவர் விருதை வென்றார். அணி 2023இல் கூடுதலாக ஓர் ஆளை எடுத்தது. விதி மாறியதும் நடத்தை மாறியது. அதைப் பார்த்தபோது நான் உண்மையாகவே மகிழ்ந்தேன்.

முதல் மருந்து கடிக்கவும் செய்தது. 2024இல் பிட்ஸ்பர்க், பந்து வீச்சாளர் பால் ஸ்கீன்ஸை மே 11 வரை கீழே வைத்திருந்தது. அவருடைய வீச்சு எண்ணிக்கையைப் படிப்படியாக ஏற்றுகிறோம் என்று காரணம் சொன்னார்கள். இளம் பந்து வீச்சாளரின் தோளைப் பற்றிய அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் ஸ்கீன்ஸ் விருதை வென்று முழு ஓராண்டையும் பெற்றுக்கொண்டார். அணிக்குக் கூடுதல் ஆண்டும் இல்லை, கூடுதல் ஆளும் இல்லை.

ஆனால் கணக்குப் போடுபவர்கள் சும்மா இருப்பதில்லை. புதுமுக வீரர் என்ற தகுதி மேஜர் லீக் பட்டியலில் 45 நாட்களைத் தாண்டினால் போய்விடும். ஆகவே ஆகஸ்ட் கடைசியில் அழைத்தால் அடுத்த ஆண்டும் அவர் புதுமுகமே. அரிசோனா கோர்பின் கேரலை 2022 ஆகஸ்ட் 29 அன்றும், பால்டிமோர் கன்னர் ஹென்டர்சனை ஆகஸ்ட் 31 அன்றும் அழைத்தன. இருவரும் 2023இல் விருது வென்றார்கள். இரு அணிகளுக்கும் 2024 டிராஃப்டில் கூடுதல் ஆள். அவர்கள் ஜூலையிலேயே தயாராக இருந்தார்களா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நாள்காட்டி பார்க்கும் பழக்கம் ஒழியவில்லை என்பதும், ஏப்ரலோடு ஆகஸ்டும் சேர்ந்துகொண்டது என்பதும் தெளிவு. நூறு பேர் பட்டியலில் இல்லாதவருக்கும், வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தவருக்கும் பழைய விதியே.

2021 பேச்சுவார்த்தையில் அணி உரிமையாளர்கள் சேவைக் கணக்கையே கைவிட்டு, இருபத்தொன்பதரை வயதில் எல்லோருக்கும் விடுதலை என்று ஒரு திட்டம் வைத்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது. தாமதமாக மேலே வரும் பலருக்கு உண்மையிலேயே நல்லது. ஆனால் இருபது வயதில் வரும் அசாத்தியத் திறமைசாலி ஒன்பதரை ஆண்டு கட்டுண்டு கிடப்பார். சங்கம் மறுத்தது சரியே. என்னைக் கேட்டால், 172 என்ற எல்லையைக் கீழே இறக்க வேண்டும். பாதிப் பருவத்துக்கு மேல் மேஜர் லீக்கில் இருந்தவருக்கு முழு ஓராண்டு என்று வைத்தால், இரண்டு வாரத்துக்குப் பதிலாக மூன்று மாதம் ஒருவரை வெளியே உட்கார வைக்க வேண்டியிருக்கும். அதற்குள் அந்த அணி பல ஆட்டங்களை இழந்துவிடும்; ரசிகர்களும் பொறுக்கமாட்டார்கள். தற்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் இதையும் மேசைக்குக் கொண்டுவர முடியும்.

நீங்கள் ஆதரிக்கும் அணியில் இப்படி ஓர் இளைஞர் அனுப்பப்பட்டால், அவர் இடத்தில் முதல் நாள் யார் ஆடுகிறார் என்று முதலில் பாருங்கள். அவரைவிடத் தெளிவாகக் குறைந்த ஒருவர் நின்றால் அது ஒரு தடயம். பிறகு, என்ன கற்றுவரச் சொல்லி அனுப்பினார்கள் என்று கவனியுங்கள். ஹாலடேயிடம் மாற்ற வேண்டியது இன்னதென்று விரல் வைத்துக் காட்ட முடிந்தது. பிரையன்டிடம் ஃபீல்டிங் என்ற ஒரு பொதுச்சொல் மட்டும்தான் இருந்தது. கடைசியாக, அவர் திரும்பி வரும் தேதியைக் குறித்துக்கொண்டு, பருவம் முடிய எத்தனை நாட்கள் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.